அஞ்சு கட்டைச் சுருதியும் ஓர் இங்கிலீஷ் தட்டும்

இங்கிலீஷ் சங்கீதத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். ஒன்றும் தெரியாது. சிம்பொனி என்கிறார்கள். அதில் நாலு பாகம் உண்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேகம், ஒரு சுருதி, ஒரு குணம் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சிம்பொனியின் ஒரே ஒரு பாகம். ஆனால் அதை நானும் என் மனைவியும் கேட்ட மாதிரி சீமையில் எவனும் கேட்டிருக்க மாட்டான். அதை அடித்துச் சொல்வேன்.

மேலகரத்தில் எங்கள் வீட்டின் முன்கட்டை சாரல் பிடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். முப்பதுகளின் நடுவில் மெட்ராஸ் வக்கீல் ஒருவர் சீசன் தவறாமல் வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். அருவியில் ஒரு மணி நேரம் நிற்பார், வந்து இட்லியை ஒரு கை பார்ப்பார், அப்புறம் கிராமபோன் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு வருடம் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி கனக்கிறது என்று எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். தமிழ்த் தட்டுகளை மட்டும் கவனமாக எடுத்துக்கொண்டார். இங்கிலீஷ் தட்டுகளை விட்டுவிட்டார். அவற்றை யார் தொடப்போகிறார்கள் என்ற நம்பிக்கைதான்.

அவர் போய்ச் சாரல் ஓய்ந்த சமயம் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வயது முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. தென்காசியிலிருந்து டாக்டரை வில்வண்டியில் கூட்டி வந்தேன். மருந்து கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போடச் சொன்னார், மறுநாளும் வந்து பார்த்தார். பிள்ளை தங்கவில்லை. விடியும்போது போய்விட்டாள்.

பெரியவர்கள் செத்தால் எங்கள் பக்கத்தில் பதினாறு நாளும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு மாரடிப்பார்கள், ஒப்பாரி வைப்பார்கள். அழ வராதவர்களுக்குக்கூட அதைக் கேட்டால் அழுகை வந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. பாடை இல்லை, சங்கு இல்லை, பதினாறு இல்லை. தகப்பன் ஒரு துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போய்ச் சித்தாற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டு, முங்கிக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். பெண்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். எந்த இடத்தில் வைத்தாய் என்று அவர்கள் கேட்கவும் கூடாது, நாம் சொல்லவும் கூடாது. நான் அப்படியே செய்தேன். வந்து பார்த்தால், துட்டி கேட்க வந்த பெண்கள் அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

போகும்போது ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். என் மனைவி அப்போது நாலு மாதம். அழக் கூடாது, வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது என்று ஆளுக்கு ஒரு வாய் சொல்லிவிட்டுப் போனார்கள். என் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். இவளும் சொன்னபடி கேட்டாள். அழவில்லை. அன்று இல்லை, மறுநாள் இல்லை, அந்த மாதம் முழுக்க இல்லை. அடுப்பு பற்ற வைப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், கூப்பிட்டால் வருவாள். பேச்சு மட்டும் கிடையாது. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண் ஈரமாகவே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒருத்தி இப்படி அழாமல் இருந்தே புத்தி பேதலித்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இவள் ஒரு தடவை வாய்விட்டு அழ வேண்டும். அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

செய்யத்தான் வழி தெரியவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். அவளைத் திட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். பிள்ளையின் சட்டையை எடுத்து அவள் மடியில் போட்டுக்கூடப் பார்த்தேன். அவள் அதை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் பாடுகிறவள். மேடையில் இல்லை, வீட்டோடுதான். கல்யாணச் சீரில் பித்தளைக் குடத்தோடு ஒரு சுருதிப்பெட்டியும் வந்தது. அவளுக்குச் சுருதி அஞ்சு கட்டை. இம்மி பிசகாது. கோயிலில் நாதஸ்வரக்காரர் கொஞ்சம் இறக்கி வாசித்தால் இவளுக்கு அன்றைக்குத் தலைவலி. பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டைக்கூடப் பெட்டியைத் தொட்டுப் பார்க்காமலே சரியாக அஞ்சு கட்டையில் எடுப்பாள். அந்தச் சுருதிப்பெட்டி இப்போது பரண்மேல் ஏறிவிட்டது. ஒரு வருடத்துக்கு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கப்படாது என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். அழவும் கூடாது, பாடவும் கூடாது. என்ன சட்டமோ, யார் எழுதி வைத்தார்களோ!

ஒருநாள் மத்தியானம் வீடு அப்படி ஓய்ந்து கிடந்தது. பல்லி சொல்கிற சத்தம் கேட்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் வக்கீலின் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த தட்டைப் போட்டுச் சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். நாற்பது ஐம்பது பிடில் ஒன்றாக இழுக்கிற சத்தம் கிளம்பியது. அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். இன்றைக்கு நமக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்:

"இது பாட்டு இல்லலே. சாமி பேரும் இல்ல, மனுசன் பேரும் இல்ல. வெறும் சத்தம்தான. கேட்டுட்டுப் போ."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். என் ஆயுசில் அம்மா எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

நான் போட்டது ஒரு சிம்பொனியின் இரண்டாம் பாகம். பெரிய தட்டுகள், ஒரு பக்கம் நாலு நிமிஷம்தான் ஓடும் என்பதால் அந்தப் பாகத்தையே மூன்று பக்கங்களாகத் துண்டு போட்டிருந்தார்கள். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘அடாஜியோ’ என்று அச்சடித்திருந்தது. நான் அதைப் பாட்டு எழுதியவரின் பேர் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியில் வேறு சிலர் பாட்டிலும் அதே பேர் இருந்ததைப் பார்த்து, பெரிய கைகாரனாக இருப்பான்போல என்று வியந்துகொண்டேன்.

மெதுவான சங்கதி அது. ஆற அமர நடக்கிற நடை. பிடில்கள் கீழே ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்க, மேலே குழல் மாதிரி ஒன்று தனியாக வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். துக்க வீட்டில் பெரியவர்கள் பேசுவார்களே, இரண்டு சொல்லுக்கு ஒரு மௌனம் விட்டு, அப்படி இருந்தது. முதல் பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பிப் போட்டேன். என் மனைவி கூடத்து ஓரத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டாம் பக்கம் பாதி ஓடியிருக்கும். அவள் கை நின்றது.

"சுருதி ஏறிட்டு," என்றாள்.

நான் ஊசியை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் தானாக வந்த பேச்சு.

"இவ்வளவு நேரம் அஞ்சு கட்டையில போச்சு. இப்ப அரைக்கட்டை ஏறிட்டு. பெட்டி ஓடுத வேகம் கூடிப்போச்சு. குறைங்க."

கிராமபோன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். சாவி இறங்கிவிட்டால் தட்டு மெதுவாகச் சுற்றும், பாட்டும் சுருதி இறங்கி இழுக்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். நான் ஓடிப்போய் அதைத் திருகினேன். இன்னும், இன்னும் என்றாள். போதும் என்றாள். சுருதி அஞ்சு கட்டைக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் போனால் பாட்டு இன்னும் எங்கேயோ ஏறியது. மறுபடியும் குறைத்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் திருகு முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை, எங்கேயோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். நிறுத்துங்கள், கெட்டுப்போச்சு என்றாள். நான் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

அன்றைக்கு அவள் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுக்கச் சாப்பிட்டாள்.

அப்புறம் அது தினசரிக் காரியம் ஆகிவிட்டது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் வந்து உட்காருவாள். பரணிலிருந்து சுருதிப்பெட்டியை நானே இறக்கிக் கொடுத்தேன். பாட்டு இல்லாமல் சுருதி மட்டும் போட்டால் அதுவும் சத்தம்தானே என்று அம்மாவிடம் வாதாடினேன், வாதம் எடுபட்டது. இவள் சுருதிப்பெட்டியை அமுக்கிக்கொண்டிருப்பாள், நான் திருகில் விரலை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். புருவம் சுருங்கினால் திருக வேண்டும். எந்த இடத்தில் ஏறும், எவ்வளவு திருகினால் சரியாகும் என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. சிம்பொனி எங்கள் வீட்டில் அசையவே கூடாது. அஞ்சு கட்டையில் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தோம். நடுவில் பாட்டின் குணம் மாறி ஒரு இடத்தில் கொஞ்சம் வெயில் வருகிற மாதிரி வரும். அங்கேதான் சுருதியும் ஏறும். நாங்கள் வேகத்தைக் குறைத்ததில் அந்த வெயிலும் நொண்டிக்கொண்டு போகும். திருகு முட்டியதும் நிறுத்திவிடுவோம். மூன்றாவது பக்கம் அடுத்த தட்டில் இருந்தது. அதைப் போடட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். சுருதி விட்டுப் போனதில் மிச்சத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இதனால் அவளுக்குப் பேச்சு வந்தது. தூக்கமும் ஓரளவு வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. தை மாதம் பையன் பிறந்தான். நல்ல ஆரோக்கியம், வீடு அதிரக் கத்துவான். பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். தொட்டிலை ஆட்டும்போதுகூட வாய் திறக்க மாட்டாள். பிள்ளை பிறந்துவிட்டது, இனி அழுதால் என்ன என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். பால் கொடுக்கிறவள் அழக் கூடாது, பால் கெட்டுப்போகும் என்றாள் அம்மா. பிள்ளை வயிற்றில் இருந்தாலும் கூடாது, வெளியே வந்தாலும் கூடாது. அப்படியானால் எப்போதுதான் அழுவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் சொம்பைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். என் மனைவி போய் அதை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

ஆனியில் சாரல் கட்டியது. வக்கீல் வந்தார். விஷயம் கேள்விப்பட்டுக் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் நாங்கள் வழக்கம்போல் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தபோது அவர் முன்கட்டிலிருந்து கேட்டிருக்கிறார். திடீரென்று கூடத்து வாசலில் வந்து நின்றார். என் மனைவி எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

எதற்கு அந்தத் திருகை அப்படிப் போட்டு முறுக்குகிறீர்கள் என்று கேட்டார். பெட்டி கெட்டுப்போச்சு ஐயா, நடுவில் வேகம் கூடுகிறது, உங்களிடம் சொல்லிப் பழுது பார்க்க வேண்டும் என்று இருந்தேன் என்றேன். எங்கே காட்டுங்கள் என்றார். காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, பாட்டே அப்படித்தான் என்றார். இவர்கள் சங்கீதத்தில் சுருதி ஒரே இடத்தில் நிற்காதாம். ஒரு சுருதியில் தொடங்கும், அதை விட்டுக் கிளம்பிவிடும், இரண்டு மூன்று இடம் போய் இருந்துவிட்டுக் கடைசியில் தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். அடாஜியோ என்பது ஆள் பேர் இல்லை, மெதுவாக வாசி என்பதற்கு அவர்கள் போடுகிற சொல் என்பதையும் அப்போதுதான் சொன்னார். அசடு வழிய நின்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள். வெளியாளிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை; ஆனாலும் கேட்டாள்.

"சுருதிய விட்டுப் போனது எப்படித் திரும்பி வரும்?"

"வரும்மா," என்றார் வக்கீல். "நீங்க ரெண்டு பேரும் அதைப் போகவே விடலையே. திருகைத் தொடாம மூணு பக்கத்தையும் கேளுங்க. வரும்."

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். மகராசன், அங்கேயே நின்றிருந்தால் அவள் கதவை விட்டு வெளியே வந்திருக்க மாட்டாள்.

முழுக்கச் சாவி கொடுத்தேன். முதல் தட்டைப் போட்டேன். அவள் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சு கட்டையை அமுக்கினாள். முதல் பக்கம் எங்களுக்குப் பழகினதுதான். இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் வந்தது. பாட்டு அரைக்கட்டை ஏறியது. என் கை தன்னால் திருகுக்குப் போயிற்று. அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். சுருதிப்பெட்டியும் பாட்டும் ஒன்றோடொன்று மோதிக் காதைப் பிடுங்கின. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே பெட்டியை மூடிவிட்டாள். எங்கள் கை படாத வேகத்தில் அந்த இடத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். மெதுவுதான், ஆனால் நொண்டவில்லை. நாங்கள் ஒரு வருடமாக அதை நடக்க விடாமல் பிடித்து வைத்திருந்தோம் என்பது எனக்கே புரிந்தது. அதற்கப்புறம் அது போயிற்று பாருங்கள், எங்கெங்கோ போயிற்று. எனக்குக் கட்டைக் கணக்கெல்லாம் விட்டுப்போய்விட்டது. அவள் மட்டும் உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே கூடப் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தட்டை வைத்தேன். மூன்றாவது பக்கம். தொடக்கத்தில் அதுவும் வேறு எங்கோதான் இருந்தது. பிடில்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கீழே ஒன்றே ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் குழல் வந்தது. முதல் பக்கத்தில் சொன்ன அதே இரண்டு வார்த்தையைச் சொன்னது. அவள் மூடிய சுருதிப்பெட்டியை மெதுவாகத் திறந்து அமுக்கினாள்.

சரியாகப் பொருந்தியது. அஞ்சு கட்டை.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டு," என்றாள். "எங்கெல்லாமோ போயிட்டு, தானா வந்துட்டு."

நான் ஆமாம் என்றேன்.

"அவ வரல்லியே," என்றாள். "ஒரு வருசமாப் போவுது. எம்புள்ள வரல்லியே."

அடுத்து வந்தது பேச்சு இல்லை. அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம். சுருதிப்பெட்டியின் மேல் அப்படியே கவிழ்ந்துவிட்டாள். அது அவள் பாரம் தாங்காமல் ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. அம்மா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். ஏட்டி, பால் கெட்டுப்போகும்டி என்று ஆரம்பித்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்:

"அழட்டும். நீ ஒண்ணும் சொல்லாத."

அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே அம்மாவும் அழுகிற சத்தம் கேட்டது. நான் இதற்காகத்தானே ஒரு வருடம் காத்துக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று இருக்க வேண்டும். இல்லை. வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அழுதாளோ. பிறகு எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பினாள். பெண்கள் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எங்கன வச்சிய அவள?"

"ஆத்துக்கு இந்தப் பக்கம்தான்," என்றேன். "கரை மேல ஒரு மருத மரம் நிக்கும். அதுக்கு மேக்க. தண்ணி ஏறாத இடம்."

"என்னத்தப் போத்துனிய?"

"உன் நீலச் சேலை. பழசு."

"மெல்லிசுல்லா அது," என்றாள். "இந்தச் சாரல்ல நனையுமே."

இல்லை, நனையாது, நானே நின்று ஆழமாகத்தான் தோண்டச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆழமா..." என்ற மட்டும்தான் வந்தது. பிள்ளையை அன்றைக்குக் கையில் ஏந்திக்கொண்டு போன அந்தக் கனம் அப்படியே என் இரண்டு கையிலும் வந்து இறங்கிவிட்டது. அவளைக் கிடத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்த நாள் முதல் நானும்தான் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் மனைவி எழுந்து வந்து என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுங்க என்றாள்.